பேர் சொல்லும் ஊர்... அங்கே இல்லாத கல்லறை! - பஃபலோ பில் உருவாக்கிய கோடி நகரம்

'கோடி' என்றதும் நமக்குப் பணம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இதே பெயரில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. இதை உருவாக்கியவர் இங்கே பணத்தை அள்ளி அள்ளிப் போட்டார். திரும்பி வந்தது கொஞ்சம்தான்!

அவர் வில்லியம் எஃப். கோடி. உலகத்துக்கு 'பஃபலோ பில்'. முன்னாள் ராணுவ வீரர், வேட்டைக்காரர், ஊர் ஊராகப் போய் 'வைல்டு வெஸ்ட்' காட்சி நடத்தியவர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. வயதான காலத்தில் அவர் விரும்பியது, மாட்டுப் பண்ணைக்காரராக இந்த ஊரில் வாழ்ந்து, இந்த ஊர் மலையிலேயே அடக்கமாக வேண்டும் என்பதைத்தான். முதல் ஆசை பாதி நிறைவேறியது. இரண்டாவது நிறைவேறவே இல்லை.

18 வயதில் ராணுவம்

பில் பிறந்தது 1846-ல், அயோவா மாநிலத்தில். சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட, குடும்ப பாரம் இவர் தலையில். சரக்கு வண்டி நிறுவனத்தில் குதிரையேறித் தகவல் கொண்டு போகும் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1864-ல் கன்சாஸ் குதிரைப் படையில் சேர்ந்தார். அப்போது வயது 18.

போர் முடிந்ததும் ரயில் பாதை போடும் தொழிலாளர்களுக்கு இறைச்சி கொண்டு வரும் வேலை. சுமார் 18 மாதங்களில் 4,280-க்கும் மேற்பட்ட காட்டெருமைகளைச் சுட்டதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். 'பஃபலோ' பட்டம் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பிறகு ராணுவத்துக்கு வழிகாட்டும் சாரணர் ஆனார். 1872-ல் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான 'மெடல் ஆஃப் ஹானர்' கிடைத்தது.

1883-ல் தொடங்கிய 'வைல்டு வெஸ்ட்' காட்சிதான் அவரை உலகப் பிரபலம் ஆக்கியது. குதிரைச் சாகசம், குறிபார்த்துச் சுடுதல், செவ்விந்தியர்களின் அணிவகுப்பு என ஒரு நடமாடும் ஊரே அவர் பின்னால் போனது. 1887-ல் லண்டனில் விக்டோரியா மகாராணியே நேரில் வந்து பார்த்தார்.

காய்ந்த பூமியில் ஒரு கனவு

பணமும் புகழும் கொட்டிய நேரத்தில், அவர் கண் வடமேற்கு வயோமிங்கின் ஒரு காய்ந்த பள்ளத்தாக்கின் மேல் விழுந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரம். ஆண்டு மழை வெறும் 25 சென்டிமீட்டர் அளவுதான். ஷோஷோனி என்ற ஆறு ஓடுகிறது, ஆனால் தண்ணீர் வயலுக்கு ஏறாது.

வறண்ட நிலத்துக்குப் பாசன வசதி செய்தால் அதில் மக்களைக் குடியேற்றலாம் என்று 1894-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதை நம்பி ஜார்ஜ் பெக் என்பவரும் நண்பர்களும் கால்வாய் வெட்ட ஒரு கம்பெனி தொடங்கினார்கள். தலைவர் பஃபலோ பில். 1896-ல் ஊர் உருவானது. பெயர், கோடி!

கால்வாய் வேலை நினைத்ததைவிட அதிகமாகச் செலவு வைத்தது. பில் காட்சி நடத்திச் சம்பாதித்து, அந்தப் பணத்தை இங்கே கொண்டு வந்தார். 1899-ல் ஊருக்கென்று ஒரு பத்திரிகை தொடங்க உதவினார். 'கோடி என்டர்பிரைஸ்' என்ற அந்தப் பத்திரிகை இன்றும் வருகிறது. 1901-ல் ரயில் வந்தது. 1902-ல் கடைசி மகள் இர்மாவின் பெயரில் ஒரு ஹோட்டல் கட்டினார். 1904-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் 'பஹாஸ்கா டீப்பி' என்ற விடுதி. லகோட்டா மொழியில் பஹாஸ்கா என்றால் 'நீள முடிக்காரர்'. வேறு யார், பில்தான்!

கணக்கு எளிமையானது. பயணிகள் ரயிலில் வந்து இறங்குவார்கள், இர்மாவில் தங்குவார்கள், பஹாஸ்காவில் இளைப்பாறுவார்கள், பிறகு பூங்காவுக்குப் போவார்கள். 120 ஆண்டுகள் கழித்தும் பயணிகள் அதே சாலையில்தான் போகிறார்கள். ரயிலுக்குப் பதில் கார், அவ்வளவுதான்.

விட்டுக்கொடுத்ததால் வந்த அணை

ஆற்றின் வடகரையில் பெரிய அளவில் பாசனம் செய்யும் உரிமையும் பில்லிடமும் அவர் கூட்டாளியிடமும் இருந்தது. ஆனால், அதற்கான முதலீடு தனி மனிதர்களால் திரட்ட முடியாதது. 1904-ல் அந்த உரிமையை அரசிடம் ஒப்படைத்தார்கள். 1905-ல் அரசு அணை கட்டத் தொடங்கியது. 1910 ஜனவரியில் முடிந்தபோது, 325 அடி உயரத்தில் உலகின் மிக உயரமான அணை அதுதான். 1946-ல், பில் பிறந்த நூற்றாண்டில், அதற்கு 'பஃபலோ பில் அணை' என்று பெயர் மாற்றினார்கள். அந்தத் தண்ணீரில்தான் சுற்றுவட்டார வயல்களில் சர்க்கரைக் கிழங்கும் பார்லியும் பீன்ஸும் விளைகின்றன.

ஊருக்குத் தென்மேற்கே, ஷோஷோனி ஆற்றின் தென்கிளையில் அவருடைய 'டி.இ.' பண்ணை இருந்தது. மாடுகளுக்குப் போட்ட முத்திரைதான் பண்ணையின் பெயரும். சுமார் 8,000 ஏக்கர், ஆயிரம் மாடுகள் வரை வளர்ந்த பண்ணை. வெளியூர் விருந்தாளிகளைக் குதிரையில் ஏற்றி மலைக்குள் முகாம் கூட்டிப்போவதும் உண்டு. காட்சி இல்லாத நாள்களில் பில் ஓடி வருவது இங்கேதான்.

கடன் துரத்திய முதுமை

ஊர் வளர்ந்தது. பில்லின் கை இளைத்தது. கால்வாயில் போட்டது திரும்பவில்லை. அரிசோனாவில் சுரங்கத்தில் போட்டதும் போனது. 1913-ல் டென்வர் நகரத்தில் கடன் கொடுத்தவர்கள் அவருடைய காட்சியையே முடக்கினார்கள். குதிரைகளும் கூடாரமும் ஏலம் போயின. அதே ஆண்டு, இர்மா ஹோட்டலை மனைவி லூயிசா பெயருக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ஓய்வெடுக்க வேண்டிய வயதில், அடுத்தவர்கள் நடத்திய காட்சிகளில் சம்பளத்துக்குக் குதிரை ஏறினார். 70 வயதில், 1916-ன் இறுதி வரை ஏறினார். 1917 ஜனவரி 10-ல், டென்வரில் சகோதரி வீட்டில் உயிர் பிரிந்தது.

கல்லறைக்கு ஒரு சண்டை

கோடி நகரத்தைப் பார்த்தபடி நிற்கும் சிடார் மலையில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்று 1906-ல் எழுதிய உயிலில் பில் சொல்லியிருந்தார். பின்னர் எழுதிய உயிலில், அந்த முடிவை மனைவியிடம் விட்டுவிட்டார். லூயிசா தேர்ந்தெடுத்தது, டென்வர் அருகே இருக்கும் லுக்அவுட் மலையை. 1917 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் கூடிய அடக்கம் அங்கேதான் நடந்தது.

கோடி மக்களுக்கு மனசு ஆறவில்லை. 1948-ல் கோடியின் முன்னாள் ராணுவ வீரர்கள், உடலைக் கொண்டு வருபவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். பதறிப்போன டென்வர்காரர்கள் கல்லறைக்குக் காவல் போட்டார்கள்! "உடலை அப்போதே மாற்றிவிட்டோம், பில் எங்கள் மலையில்தான் தூங்குகிறார்" என்று ஒரு கதையும் இந்த ஊரில் உலவுகிறது. அந்தக் கதையைச் சொல்வதில் ஊருக்கு இருக்கும் ஆசைதான் அவருக்குக் கிடைத்த நன்றிக்கடன்.

இன்னொரு பக்கம்

இந்தப் பள்ளத்தாக்கு பில் வரும் முன்பு காலியாக இல்லை. குரோ, ஷோஷோனி போன்ற பழங்குடி மக்கள் வாழ்ந்து, வேட்டையாடிய பூமி இது. அவர்கள் நிலத்தை இழந்த போர்களில் ராணுவத்துக்கு வழிகாட்டியவர்களில் பில்லும் ஒருவர். காட்டெருமைகள் அழியும் நிலைக்கு வந்தபோது, தோலுக்காக அவற்றைக் கொல்லக் கூடாது என்று பேசியவரும் அவரே. இந்த இரண்டையும் ஊர் மறைக்கவில்லை. 'பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட்' என்ற பெரிய அருங்காட்சியக வளாகத்தில், பில்லுக்கு ஒரு அருங்காட்சியகம், சமவெளிப் பழங்குடிகளுக்குத் தனியாக ஒன்று என ஐந்து இருக்கின்றன.

போகிறவர்களுக்கு...

* யெல்லோஸ்டோனின் கிழக்கு நுழைவாயில் கோடியிலிருந்து சுமார் 84 கி.மீ. குளிர்காலத்தில் அந்த வழியில் கார் போக முடியாது. கோடைக்காலப் பயணமே சரி.

* அணை ஊரிலிருந்து மேற்கே சுமார் 10 கி.மீ. மேலே நின்று கீழே பார்த்தால் கால் கூசும்.

* இர்மா ஹோட்டல் இன்றும் இயங்குகிறது. செர்ரி மரத்தில் செதுக்கிய பழைய பார் மேசை, விக்டோரியா மகாராணியின் பரிசு என்பார்கள்.

* கோடைக்கால இரவுகளில் 'ரோடியோ' எனும் குதிரை, காளைச் சாகசப் போட்டி உண்டு. குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

* அருங்காட்சியகம் அருகே, துப்பாக்கியை உயர்த்தியபடி குதிரை மேல் இருக்கும் பில்லின் வெண்கலச் சிலையைத் தவறவிடாதீர்கள். 1924-ல் வைத்தது. பத்தாயிரம் பேர் வாழும் ஊரின் தெருக்கள், தண்ணீர், பிழைப்பு எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. கல்லறை மட்டும்தான் வேறு ஊரில்!