கற்பூரமும் பல்லு டாக்டரோட நீல லைட்டும்

பல்லு அடைச்சுட்டு வந்த அம்மா கேட்ட கேள்வி இது. "மக்கா, அந்த நீல லைட்டு நல்லா சுட்டுது கேட்டியா. பல்லு உள்ளுக்குள்ள வெந்து போகாதா?"

முந்திரிக்கொத்து கடிச்சு வளந்த நாஞ்சில் நாட்டுப் பல்லு இதுக்கெல்லாம் அசருமான்னு சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். ஆனா கேள்வி நியாயமானது. பல் மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் பல வருஷமா இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க.

முன்னாடியெல்லாம் பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு. பாதரசத்தைக் குறைக்க 2013ல் மினமாட்டா ஒப்பந்தம் வந்தது, 2018ல் இந்தியாவும் ஏத்துக்கிச்சு. பல் நிறத்துல இருக்கற காம்போசிட் பசை பரவினதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பசை தானா இறுகாது, வெளிச்சம் வேணும். வெளிச்சத்தைப் பிடிக்க அதுல பெரும்பாலும் கேம்ஃபர்குவினோன்னு ஒரு பொருள் கலந்திருக்கும். நம்ம கற்பூரத்தோட சொந்தக்காரன்தான். 470 நானோமீட்டர் பக்கம் நீல வெளிச்சம் பட்டா போதும், கற்பூர புத்தி மாதிரி 'கப்'புனு பிடிச்சுக்கும். லேசர் கிடையாது, எல்இடி.

இப்ப சூட்டுக்கு வருவோம். ரெண்டு வழியா சூடு வருது. ஒண்ணு, லைட்டோட சக்தி. சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட்ல 20 செகண்டு அடிச்சா 20 ஜூல் ஆச்சு. இன்னொண்ணு, பசை இறுகும்போது அதுவே வெளிய விடற சூடு.

பல்லுக்கு நடுவுல கூழ் மாதிரி ஒரு பகுதி இருக்கு. நரம்பு, ரத்தக்குழாய், உயிருள்ள செல்கள் எல்லாம் அங்கதான். சுத்தி கெட்டியான சுவர். அங்க வீங்கினா விரிய இடம் கிடையாது. 1965ல் சாக், கோஹன்னு ரெண்டு பேர் குரங்குகளோட பல்லைச் சூடாக்கிப் பாத்தாங்க. கூழோட வெப்பம் 5.5 டிகிரி ஏறினதும் சுமார் 15 சதவீதப் பல்லு மீளவே இல்ல. அதுக்கப்புறம் 5.5ங்கறது எல்லாருக்கும் எல்லைக்கோடு மாதிரி ஆயிடுச்சு. ஆனா 1997ல் பால்டிசாரா குழு மனுஷப் பல்லையே சராசரியா 11 டிகிரி வரைக்கும் சூடாக்கிட்டு, கூழ்ல பாதிப்பு தெரியலைன்னாங்க. ஆக அந்த 5.5 கல்லுல செதுக்கின எண் இல்ல, ஜாக்கிரதைக்கான எண்.

அப்போ லைட்டைக் குறைச்சுட்டா ஆச்சேன்னு தோணும். அங்கதான் சிக்கலே. வெளிச்சம் பத்தலைன்னா பசை அரைகுறையா வேகும். இறுகாம மிச்சமிருக்கற மோனோமர் மெல்லக் கசிஞ்சு உள்ள போகலாம். டெக்டிமா, ஹீமா மாதிரியான மோனோமர்கள் கூழ் செல்களைப் பாதிக்கறதை ஆய்வகத்துல பாத்திருக்காங்க. கூடினா சூடு, குறைஞ்சா ரசாயனம். ரெண்டுலயும் அடி வாங்கப்போறது அதே செல்தான். சோறு குழையவும் கூடாது, அரிசியா நிக்கவும் கூடாதுங்கற கதை.

காப்பாத்தறது ரெண்டு விஷயம். மிச்சமிருக்கற டென்டின் சுவர், அது சூட்டைச் சுலபமா கடத்தாது. அப்புறம் கூழ்ல ஓடற ரத்தம், நம்ம கம்ப்யூட்டர் ஃபேன் மாதிரி சூட்டை இழுத்துட்டுப் போயிடும். குழி ஆழமானா சுவர் மெலியும். மரப்பு ஊசில சுருக்கற மருந்து சேர்ந்திருந்தா ரத்த ஓட்டமும் குறையும். 'சுடுது டாக்டர்'னு சொல்ல உணர்ச்சியும் இருக்காது. அதனால அந்தக் கணக்கை டாக்டர்தான் பாக்கணும்.

அவங்க கையில வழியும் இருக்கு. பசையை 2 மில்லிமீட்டர் அடுக்கா வைக்கறது, அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் ஆற விடறது, லைட் அடிக்கும்போதே காத்து ஊதறது, ஆழமான குழிக்கு அடியில பாதுகாப்பா ஒரு பூச்சு போடறது, லைட்டோட பவரை மீட்டர் வச்சு அப்பப்ப சோதிக்கறது.

சின்னக் குழின்னா கவலையே வேண்டாம். ஆழமா இருக்குன்னு டாக்டர் சொன்னா மட்டும், "பைய அடிங்க, நடுவுல ஆற விடுங்க"ன்னு தைரியமா கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். அடைச்ச பல்லுல தானா வலி வந்தாலோ, சூடு, குளிர் பட்ட வலி உடனே விடாம நின்னாலோ, கிராம்பை வச்சு அமுக்கிட்டு உக்காராதீங்க. திரும்பப் போய்க் காட்டுங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், பல்லு பிடுங்கறவன் இல்ல :-)