விக்கிற உரிமை உள்ள வீடு

2024-ல் அப்பாவும் அம்மாவும் பூதிகோட்டை வீட்டை வித்துட்டாங்க. இங்கே பெர்த்தில் இருக்கிற நண்பர்கள்கிட்டே சொன்னப்ப, துக்கம் விசாரிக்கிற மாதிரியே பேசினாங்க. "அடடா, நீங்க எல்லாரும் சேர்ந்து காப்பாத்தியிருக்கலாமே?"ன்னு ஒருத்தர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதான் எழுதறேன்.

பூதிகோட்டை எங்கே இருக்குன்னு பலருக்குத் தெரியாது. கர்நாடகாவில் கோலார் மாவட்டம், பங்காரப்பேட்டை தாலுகா. தங்கவயலுக்குப் பக்கம். ஹைதர் அலி பிறந்த ஊர்னு சொன்னா மட்டும் "ஓ, அப்படியா?"ன்னு கேப்பாங்க. மலைமேல இடிஞ்ச கோட்டை, பக்கத்தில் மார்க்கண்டேயா அணை, கன்னடமும் தெலுங்கும் தமிழும் உருதும் கலந்து பேசற கடைத்தெரு. அவ்வளவுதான் ஊர்.

அந்த வீடு எங்களுக்கு ஏன் பெரிசுன்னு புரியணும்னா தங்கவயல் கதையும் கொஞ்சம் தெரியணும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்த பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து ஜனங்க கூட்டங்கூட்டமா சுரங்க வேலைக்குப் போனாங்க. திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்த எங்க குடும்பமும் அதில் ஒண்ணு. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்குக் கரண்ட் வந்தாச்சு. ஆனா அது முதல்ல சுரங்க மெஷினுக்கு. வேலை செஞ்சவங்களுக்கு ஆரம்பத்தில் மூங்கில் தட்டி வீடுதான். அப்புறம் வரிசை வரிசையா லைன் வீடுங்க வந்தது. எந்த வீடா இருந்தாலும் அது கம்பெனி வீடு. வேலை இருக்கிற வரைக்கும் வீடு.

தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். மூணு கிலோமீட்டருக்கும் மேல ஆழம் போன சுரங்கம். கீழே பாறை வெடிச்சா மேலே லைன் வீட்டில் பாத்திரம் அதிரும். சத்தம் கேட்டதும் பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு வந்து, யார் வீட்டு ஆளு எந்த ஷிஃப்டுன்னு விசாரிக்க ஆரம்பிச்சிடுவாங்களாம். பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன்.

1974-ல் ரிட்டயர் ஆனப்ப கைக்கு வந்த பணத்தில் தாத்தா பூதிகோட்டையில் அந்த வீட்டை வாங்கினார். கல் தூண் வெச்ச திண்ணை, மங்களூர் ஓடு, பின்னாடி ஒரு கிணறு, கிணத்தடியில் ஒரு கறிவேப்பிலை மரம். எங்க வம்சத்திலேயே பத்திரம் உள்ள முதல் வீடு அதுதான். பின்னாடி அப்பா பேருக்கு தானப் பத்திரம் எழுதி வெச்சார். நாங்க மூணு பிள்ளைங்களும் பள்ளிக்கூட நாளில் லைன் வீட்டில், லீவு விட்டா பூதிகோட்டையில்.

அப்பாவும் சுரங்கத்தில்தான். 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கிட்டு, பிறகு மத்திய அரசுக்குப் போய், 1972-லிருந்து பாரத் கோல்ட் மைன்ஸ்னு பேர் மாறின சுரங்கம், 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. அப்ப அப்பாவுக்கு 52 வயசு. எத்தனையோ குடும்பங்களுக்கு அன்னிக்கி வேலையோட வீடும் கேள்விக்குறியாச்சு. லைன் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு வருஷக்கணக்கா மனு மேல மனு கொடுத்தவங்க நிறைய பேர். எங்களுக்குப் போக ஒரு இடம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் பூதிகோட்டைக்குக் குடி போனாங்க.

அம்மா அந்த ஊரை முழுசா தன்னுதா ஆக்கிக்கிட்டாங்க. சுய உதவிக் குழுவில் சேர்ந்து, தட்டுத்தடுமாறி கன்னடத்தில் பேச ஆரம்பிச்சாங்க. 2000-களின் ஆரம்பத்தில் அந்தச் சின்ன ஊரில் 'நம்ம த்வனி'ன்னு ஒரு சமுதாய வானொலி வந்தது. அந்த மாதிரி அமைப்புகளுக்குக் காற்றலை அனுமதியே 2006-ல்தான் கிடைச்சது. அதனால இவங்க கேபிள் வழியா வீடுகளுக்கு நிகழ்ச்சி கொடுத்தாங்க. தெரிஞ்ச பொம்பளைங்க குரல் பெட்டியில் வருதுன்னு அம்மா போனில் சொன்னப்ப அவங்க குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கு. அதனால, அம்மா அந்த வீட்டை லேசா விட்டுட்டாங்கன்னு மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனா கிணறு வத்திப் போச்சு. கோலார் மாவட்டத்தில் தண்ணிக்கு ஆயிரம் அடிக்கு மேல போர் போட்டும் புகைதான் வருதுன்னு சொல்லாத ஊர் இல்லை. குடம் தூக்க அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கலை. ஓடு மாத்த ஆள் கிடைக்கலை, கிடைச்ச ஆளுக்கு ஓடு கிடைக்கலை. அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு அடைச்சா ஆட்டோ பிடிச்சு பங்காரப்பேட்டை வந்து, அங்கிருந்து கோலாரோ பெங்களூரோ போகணும். அக்கா இருக்கிறது கே.ஆர்.புரத்தில். அங்கேயே பக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்துட்டு, "விக்கலாம்னு இருக்கோம்"னு அப்பா சொன்னார்.

சிங்கப்பூரில் இருக்கிற தம்பி ஒத்துக்கவே இல்லை. "நானே வாங்கிக்கறேன், பூட்டி வெப்போம், லீவுக்கு வந்தா நம்ம பிள்ளைங்க பார்க்கட்டும்"னான். அவன் வீடியோ காலில் அழுததை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அவன் நீச்சல் கத்துக்கிட்டதே அந்தக் கிணத்தில்தான்.

அம்மா பொறுமையா கேட்டுட்டுச் சொன்னாங்க: "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பத்து நாள் வர்றீங்க. மிச்ச நாளெல்லாம் இந்த வாசலைக் கூட்டறது நான். பூட்டி வெச்சா கரையானும் எலியும்தாண்டா குடியிருக்கும். பூட்டின வீட்டை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கம் வராது."

அப்பா அதுக்கும் மேல ஒண்ணு சொன்னார்: "லைன் வீட்டில் பொறந்தேன், லைன் வீட்டிலேயே உங்களை வளர்த்தேன். அதை யாராலயும் விக்க முடியாது, ஏன்னா அது யாருதும் இல்லை. இதை நான் விக்க முடியுது. எங்க அப்பா எனக்குக் கொடுத்துட்டுப் போனது இதுதான்."

எனக்கு அதுக்கு மேல கேக்க எதுவும் இல்லை. நாம ஊரை விட்டு வந்தவங்க. நாம விட்டுட்டு வந்த இடம் மட்டும் அப்படியே இருக்கணும்னு நமக்கு ஒரு ஆசை. அந்த ஆசைக்கு வாடகை கொடுக்கிறது வயசான ரெண்டு பேர் முதுகும் முழங்காலும். சுரங்கக்காரன் குடும்பத்துக்கு சொந்த வீடுன்னா, எப்ப காலி பண்ணணும்னு வேற ஒருத்தர் சொல்லாத வீடு. அப்பாவை அப்ப மட்டும் "காலி பண்ணாதே"ன்னு நாங்க சொன்னா, நாங்களும் ஒரு கம்பெனிதானே?

இதே நிலைமையில் இருக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் நடைமுறை விஷயம். கிராமப் பஞ்சாயத்து வீடுன்னா கர்நாடகாவில் இ-ஸ்வத்து படிவம் 9, 11 இல்லாம பத்திரப் பதிவு நடக்காது. அதில் பேர், அளவு சரியா இருக்கான்னு விலை பேசறதுக்கு முன்னாடியே பாருங்க. வில்லங்கச் சான்றிதழ் எடுத்து வைங்க. வீடு அப்பா பேரில் இருந்ததால் எங்க கையெழுத்து தேவையில்லைன்னு வக்கீல் சொன்னார். ஆனாலும் வாங்கறவர் பிள்ளைங்க மூணு பேர் சம்மதமும் கேட்டார். நானும் தம்பியும் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பினோம். அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டிடணும். பத்திரம் முழுக்க கன்னடம். அக்கா வரி வரியா படிச்சு தமிழில் சொல்ல, அப்பா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாராம்.

வாங்கினவர் தக்காளி வியாபாரி, அதே ஊர். வீட்டில் மூணு சின்னப் பிள்ளைங்க. திண்ணையை வெச்சுக்கிட்டு பின்பக்கம் மாடி கட்டப் போறாராம். ஆட்டுக்கல்லை அவங்க வீட்டம்மா கேட்டாங்க, அம்மா கொடுத்துட்டாங்க. கறிவேப்பிலை மரத்துக்குப் புளிச்ச மோர் ஊத்தணும்னு மட்டும் சொல்லிட்டு வந்தாங்களாம். கிளம்பறதுக்கு முன்னாடி அப்பாவை ஒவ்வொரு அறையா நடக்க வெச்சு, அங்கே நடந்ததெல்லாம் சொல்லச் சொல்லி அக்கா போனில் பதிவு பண்ணிட்டா. நாற்பது நிமிஷம். தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறான். உங்க வீட்டை விக்கலைன்னாலும் இதைச் செஞ்சுடுங்க.

இப்ப ஃப்ளாட் மூணாவது மாடி. மூணு கிலோமீட்டர் கேஜில் இறங்கின மனுஷனுக்கு லிஃப்டில் மூணு மாடி ஏறப் பிடிக்கலை, காத்து வரலைங்கறார். சில நாள் மாரிகுப்பம் ரயில் ஏறி பழைய சிநேகிதர்களைப் பார்த்துட்டு சாயங்காலம் திரும்பிடறார்.

வித்த பணத்தை அப்பா அம்மா பேரில் வங்கியில் போட்டிருக்கார். மாசா மாசம் நான் அனுப்பற பணத்தைப் பத்தி அம்மா இருபது வருஷமா ஒரு வார்த்தை பேசினதில்லை. போன மாசம் அவங்களே போன் பண்ணினாங்க.

"இந்த மாசத்திலிருந்து அனுப்பாதேப்பா. எனக்கு வட்டி வருது."