ஜூலையில் போய் வீடு பாருங்கள்

போன வாரம் ஜொகூர்பாருவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, நான்கு வயது மகன், மாமியார் என்று குடும்பத்தோடு கிளம்புகிறார். "அண்ணே, கைப்பேசியில ஒரு வீடு பார்த்து வச்சிருக்கேன். நீச்சல் குளம், ஜிம், ஏரியைப் பார்த்த பால்கனி எல்லாம் இருக்கு. வாடகையும் பரவாயில்ல. முன்பணம் கட்டிடட்டுமா?"

"பால் தீர்ந்துபோச்சுன்னா உங்க மாமியார் எங்கே போய் வாங்குவாங்க?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

2022 ஜனவரியில் நாங்கள் கிள்ளானை விட்டு வந்தபோது இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. துபாயில் ஜனவரி என்றால் கேமரன் மலை மாதிரி. பகலில் இருபத்து நான்கு, இருபத்தைந்து பாகை. மாலையில் மெல்லிய குளிர்காற்று. அந்தக் காற்றில் நின்று பார்த்தால் எந்த வீடும் நல்ல வீடுதான். நகரின் ஓரத்தில் புதிதாக எழும்பிய ஒரு குடியிருப்பில் பதினோராவது மாடி வீட்டை எடுத்தோம். பால்கனியில் நின்றால் பேரங்காடி கண்ணுக்குத் தெரிந்தது. "கடை பக்கத்துலேயே இருக்கு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னதும் நான்தான்.

மே மாதம் அம்மா வந்து சேர்ந்தார். அப்பா போன பிறகு தனியாக இருந்தவர். கிள்ளானில் எங்கள் தாமானில் காலையில் கோயில், வரும் வழியில் காய்கறிக் கடை, சாயங்காலம் பக்கத்து வீட்டுத் திண்ணை என்று நடந்துகொண்டே இருந்த மனுஷி. இங்கே வந்த மூன்றாவது வாரம் கீழ்த்தளக் காவலாளி என்னிடம் சொன்னார்: "உங்கள் அம்மா தினமும் நான்கு மணிக்கு லிஃப்டில் இறங்கி வருகிறார். வரவேற்பறை சோபாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே போகிறார்." அம்மா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மனிதர்கள் போய் வருவதைப் பார்ப்பதற்காகவே அவர் இறங்கி வந்திருக்கிறார்.

ஆகஸ்டில் ஒரு நாள், பேத்திக்குத் தயிர் வாங்க அந்தப் பேரங்காடிக்குத் தனியாகக் கிளம்பிவிட்டார். பால்கனியில் இருந்து பார்த்தால் அறுநூறு மீட்டர் இருக்கும். இறங்கி நடந்தால்தான் தெரியும்: நடுவில் ஆறு தடச் சாலை, அதைக் கடக்க எங்கோ போய்ச் சுற்ற வேண்டும், வழியெங்கும் ஒரு மரம் இல்லை, கூரை இல்லை, பாதி தூரம் நடைபாதையே இல்லை. இந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் உண்டு. அம்மா நான்கு மணிக்குத்தான் போனார். ஆனாலும் கடலோர ஊர் என்பதால் அந்நேரமும் வெயிலோடு புழுக்கம் சேர்ந்து, வியர்வை காயாமல் உடம்பு கொதிக்கும். சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு லோரியின் நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தவரைச் சாப்பாடு விநியோகிக்கும் ஒரு பாகிஸ்தானிய இளைஞர் பார்த்திருக்கிறார். தண்ணீர் கொடுத்து, அம்மாவின் கைப்பேசியில் என்னை அழைத்து, நான் வரும்வரை அங்கேயே நின்றார். அவருக்கு அன்று எத்தனை ஆர்டர் போயிற்றோ தெரியாது.

மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த வாரமே வேறு வீடு தேட ஆரம்பித்தோம்.

இங்கே வாடகை முறை நம் ஊர் மாதிரி இல்லை. ஓராண்டு வாடகையை முன்தேதியிட்ட காசோலைகளாக ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு என்று காசோலை குறையக் குறைய வாடகையில் பேரம் பேசலாம். ஒப்பந்தத்தை 'இஜாரி' என்ற அரசுப் பதிவில் ஏற்ற வேண்டும்; அது இல்லாமல் மின்சார இணைப்புகூட வாங்க முடியாது. நடுவில் விட்டுப் போனால் பெரும்பாலும் தண்டம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். நாங்கள் ஜனவரி வரை காத்திருந்தோம்.

தேடும்போது ஒரே விதி வைத்துக்கொண்டோம். எந்தப் பேட்டைக்குப் போனாலும் மாலை ஐந்து மணிக்கு, காரை நிறுத்திவிட்டு, அம்மாவோடு நடந்து பார்ப்பது.

முதலில் ஷார்ஜா. துபாயின் அல் நஹ்தாவும் ஷார்ஜாவின் அல் நஹ்தாவும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். சாலையைத் தாண்டினால் வாடகை இறங்கிவிடும். தமிழ்க் குடும்பங்களும் நிறைய. ஆனால் காலையில் அல் இத்திஹாத் சாலை நெரிசலில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், மிச்சப்பட்ட வாடகை எங்கே போகிறது என்று சொல்வார்கள். மெட்ரோ ஷார்ஜாவுக்குப் போவதில்லை. இன்னொன்றும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை: 2022இலிருந்து ஷார்ஜாவில் வார விடுமுறை வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள். துபாயில் சனி, ஞாயிறு மட்டும். பிள்ளை ஷார்ஜா பள்ளியில், அப்பா அம்மா இருவரும் துபாய் வேலையில் என்றால் வெள்ளிக்கிழமை பிள்ளையை யார் பார்ப்பது?

அடுத்து டிஸ்கவரி கார்டன்ஸ். எனக்கு வேலை ஜெபல் அலியில் என்பதால் என் மனசு இங்கேதான் நின்றது. உயரம் குறைந்த கட்டடங்கள், நடுநடுவே மரம், புல்வெளி. மெட்ரோவும் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் உள்ள இளம் குடும்பங்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன். அம்மா இரண்டு முறை நடந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் காலையில வேலைக்குப் போயிடுறாங்க போல" என்றார்.

கராமாவில் நடந்த மாலை வேறு மாதிரி இருந்தது. பழைய பேட்டை. மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும். கீழ்த்தளத்துக் கடைகளுக்கு முன்னால் மேல்மாடி நீட்டிக்கொண்டிருப்பதால் பல இடங்களில் கூரைக்கு அடியிலேயே நடக்கலாம். அம்மா நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு அஞ்சடி மாதிரியில்ல இருக்கு!" என்றார். தையல்காரர், முடிதிருத்தகம், மலையாளிகளின் மளிகைக் கடை, சரவண பவன், கரக் சாயாக் கடை. அந்தக் கரக் சாயா நம் தே தாரேவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஏலக்காய் மட்டும் கூடுதல். நூறு அடிக்கு ஒரு கதவு இருந்தது. தலை சுற்றினால் எந்தக் கதவையும் தள்ளிக்கொண்டு குளிரூட்டிக்குள் போய் உட்காரலாம். பாலைவன ஊரில் 'பக்கத்தில்' என்பதற்கு இதுதான் அளவு.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. கராமாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், க்ரீக் ஓரம் அல் ஃபஹீதி என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. மின்சாரம் வருவதற்கு முன்பே கட்டிய வீடுகள். 'சிக்கா' என்று சொல்லும் அங்கத்திய சந்துகள் மிகக் குறுகலாக, பகலின் பெரும்பகுதி நிழலிலேயே கிடக்கும். வீட்டுக்கு மேலே நாலாபக்கமும் திறந்த காற்றுக் கோபுரம், மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும். வெயிலில் வாழ்ந்தவர்கள் ஊரை நெருக்கமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அகலச் சாலையும் தூரத்துக் கோபுரங்களும் காரும் குளிரூட்டியும் வந்த பிறகு வந்தவை. கார் இருப்பவருக்கு அவை வசதிதான். வீட்டில் கார் ஓட்டாதவர் ஒருவர் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். எம்ஆர்டி நிலையத்திலிருந்து புளோக் வரை கூரை போட்ட பாதையில் நடந்தே பழகியவர்களுக்கு, அந்தக் கூரை இல்லாத ஊரில் அரை கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரியும்.

இளைஞர்கள், தனியாக வருபவர்கள் மெட்ரோவை வைத்து இடம் தேடுவது நல்லது. நிலையமும் அதன் நடைமேம்பாலமும் குளிரூட்டப்பட்டவை. படி இறங்கிய பிறகு வீடு வரை உள்ள தூரம்தான் கேள்வி. மிர்திஃப், இன்டர்நேஷனல் சிட்டி, சிலிக்கான் ஒயாசிஸ் பக்கம் போகும் நீலத் தடத்தை 2029 செப்டம்பரில் திறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். 'மெட்ரோ வரப்போகிறது' என்று முகவர் சொன்னால் அந்த ஆண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பல கட்டடங்களில் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று பலகையே தொங்கும். நண்பர்களோடு பகிர்ந்து தங்குவதாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடன் தங்குபவர் பெயரையும் பதிவு செய்யச் சொல்கிறது சட்டம்.

வாடகைத் தொகையை நான் எழுதப்போவதில்லை, அச்சாகும் முன்பே பழசாகிவிடும். ஆனால் வாடகைக்கு மேல் வரும் செலவைக் கேட்காமல் விடாதீர்கள். மின்சார, தண்ணீர்க் கட்டணத்தோடு ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு நகராட்சிக் கட்டணமாக மாதாமாதம் சேர்ந்து வரும். பெரிய புதுக் கட்டடங்களில் குளிரூட்டிக்குத் தனிக் கட்டணம். இங்கே அதைச் 'சில்லர்' என்பார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் அதில் நிலையான ஒரு பகுதியைக் கட்டியே ஆக வேண்டும். என் முதல் வீட்டின் 'பரவாயில்லாத' வாடகையை இந்தக் கட்டணம் விழுங்கிவிட்டது. 'சில்லர் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் அதன் விலை வாடகைக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கராமாவில் இழந்ததும் உண்டு. நீச்சல் குளம் போனதற்கு மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காரை நிறுத்த இடம் தேடி இரவில் நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். வீடு சின்னது, குழாய்கள் பழசு. கோடையில் மொட்டைமாடித் தொட்டி கொதிப்பதால் 'குளிர்' குழாயில் வெந்நீர் வரும். வீட்டுக்குள் இருக்கும் சூடேற்றியை அணைத்து வைத்து, அதில் ஆறிய தண்ணீரில் குளிக்கும் வித்தையைக் கட்டடத்து 'நாத்தூர்'தான் கற்றுக் கொடுத்தார். நாத்தூர் என்றால் காவலாளி. வீடு பார்க்கப் போனால் முகவரிடம் ஒரு நிமிடம், நாத்தூரிடம் பத்து நிமிடம் பேசுங்கள்.

முக்கியமாக ஒன்று கேளுங்கள்: 2024 ஏப்ரல் 16 அன்று இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து காணாத மழை அன்று அமீரகத்தில் பெய்தது. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர். நமக்கு அது டிசம்பர் மாதத்து கிளந்தான் மழை. வடிகால் அதிகம் இல்லாத பாலைவன நகரத்துக்கு அது பிரளயம். சில பேட்டைகளில் தண்ணீர் வடியவே பல நாள் ஆயிற்று. விளம்பரப் படத்தில் அது இருக்காது. நாத்தூர் சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

அம்மாவுக்குக் கராமா பிடித்துப்போனதற்குக் கோயிலும் ஒரு காரணம். புர்ஜுமானில் பச்சைத் தடம் ஏறினால் சில நிமிடத்தில் பழைய புர் துபாய்; துணிக்கடைச் சந்துகளுக்குள் மாடியில் ஒரு சிவன் கோயில். வாரம் இரண்டு முறை தனியாகவே போய் வந்தார். நாங்கள் குடிவந்து ஓராண்டுகூட முழுதாக அனுபவிக்கவில்லை, 2024 ஜனவரியில் அந்தக் கோயில் ஜெபல் அலிக்கு மாறிவிட்டது. அங்கே 2022இல் திறந்த புதுக் கோயில் பளிங்கும் விசாலமுமாக அழகாகவே இருக்கிறது. என் அலுவலகத்துக்குப் பக்கம், அம்மாவுக்குத் தூரம். டிஸ்கவரி கார்டன்ஸை எடுத்திருந்தால் என்று அன்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "சாமியை மாசம் ஒரு தடவை பார்த்தாப் போதும்பா. இந்த மனுஷங்களைத் தினமும் பார்க்கணும்ல" என்றார். கீழ்த்தளத் தையல்கடையில் திருநெல்வேலிக்காரம்மா ஒருவர் அவருக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாக நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அப்படிக் காலி செய்யச் சொல்ல பன்னிரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்பதால் பதற்றம் இல்லை. ஆனாலும் மறுபடி தேட வேண்டும்.

ஜொகூர்பாரு தம்பி ஜூலையில் வந்து இறங்குகிறார். முன்பணம் கட்டவில்லை. முதல் இரண்டு வாரம் புர் துபாயில் சாதாரண ஹோட்டல் அறை ஒன்றில் தங்கச் சொல்லியிருக்கிறேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு பேட்டை, மாமியாரையும் அழைத்துக்கொண்டு. அம்மாவும் கூட வருகிறாராம். குடையை இப்போதே எடுத்துக் கதவோரம் மாட்டிவிட்டார்.