சாம்பல் நோயும் என் பழைய செய்தியும்

பத்திரிகைத் தொழிலில் நான் விட்ட பிழைகளுள் பெரும்பாலானவை மறுநாளே மறக்கப்பட்டுவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மா பூக்கும் ஒரு தை மாதத்தில், பிரதேச நிருபர் அனுப்பிய குறிப்பொன்று என் மேசைக்கு வந்தது. பூசணிக் கொடிகளில் வெண்தூள் படிந்திருப்பதாகவும், மாம்பூக்களும் அவ்வாறே வெளுத்து உதிர்வதாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது. இரண்டையும் முடிச்சிட்டு, "தோட்டங்களிலிருந்து மாமரங்களுக்குத் தாவும் சாம்பல் நோய்" என்று தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு எடுப்பாக இருந்தது. அது உண்மைதானா என்று விவசாயம் அறிந்த ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

சில வாரங்களின் பின்னர் முதியவர் ஒருவர் அலுவலகப் படியேறி வந்தார். தமது நான்கு மாமரங்களையும் காப்பாற்றுவதற்காக, காய் பிடித்திருந்த பூசணிக் கொடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டாராம். "பூசணியும் போச்சுது, மாம்பூவும் கொட்டிப் போச்சுது தம்பி" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

அதன் பின்னரே இந்நோயைப்பற்றித் தேடித்தேடி வாசிக்கலானேன். "சாம்பல் நோய்" என்பது ஒரு தோற்றத்துக்கு நாம் இட்ட பெயர். அத்தோற்றத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 900 இனப் பங்கசுகள் இருக்கின்றன. பூக்குந் தாவரங்களில் சுமார் 10,000 இனங்களை அவை பற்றுகின்றன. உயிருள்ள தாவரத்தின்மீதன்றி அவற்றால் வாழ முடியாது. பெரும்பாலானவை இலையின் மேற்பரப்பில் படர்ந்து, உறிஞ்சும் உறுப்புகளை மட்டும் தோற்கலங்களுக்குள் செலுத்துகின்றன. மிளகாயைப் பற்றும் லெவெயில்லுலா இலையின் உட்புறத்திலேயே வளர்கிறது. பூசணி வகைகளைப் பற்றுவது பொடோஸ்பேரா சாதியைச் சேர்ந்தது. மாம்பூவில் படிவது எரிசிபே சாதியைச் சேர்ந்தது. பூசணியின் சாம்பல் மாமரத்துக்குத் தாவுவதில்லை. அந்த முதியவர் கொடிகளை எரித்தது முழுக்க முழுக்க வீண்.

இந்தக் குழப்பம் என்னோடு தொடங்கியதன்று என்பதை அறிந்தபோது சிறிது ஆறுதல் ஏற்பட்டது. 1753இல் லின்னேயசு, தாம் கண்ட சாம்பல் பங்கசை மியூக்கர் எரிசிபே என்ற ஒரே பெயருக்குள் அடக்கினார். 1851இல் பிரெஞ்சு அறிஞர் லெவெயே, இவற்றின் நுண்ணிய கனியுடல்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். அவற்றைச் சூழ்ந்துள்ள இழைகளின் வடிவத்தையும், உள்ளிருக்கும் வித்திப்பைகளின் எண்ணிக்கையையும் கொண்டு சாதிகளைப் பிரித்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அப்பாகுபாடே நிலைத்தது. 2000ஆம் ஆண்டளவில் மரபணு ஆய்வு அதனை மாற்றியமைத்தது. இழைகளின் வடிவம் உறவைக் காட்டும் நம்பகமான சாட்சியன்று என்று தெரிந்தது. மைக்ரோஸ்பேரா, அன்சினுலா ஆகியவை எரிசிபேக்குள்ளும், ஸ்பேரோதீக்கா பொடோஸ்பேராவுக்குள்ளும் சென்றன.

எமது வெப்ப நாடுகளிலோ இன்னொரு சிக்கல் இருந்தது. இங்கே அக்கனியுடல்கள் அரிதாகவே தென்படும். வெண்தூளாகத் தெரியும் பாலில் வித்திகளே கிடைக்கும். ஆகவே எந்த மரத்தில் கண்டார்களோ அதன் பெயரையே சூட்டினார்கள். மாவில் இருப்பது ஒயிடியம் மாங்கிபெரே. இறப்பரில் இருப்பது ஒயிடியம் ஹெவேயே. பேராதனையில் அரசாங்கப் பங்கசியலாளராக இருந்த தோமஸ் பெச், இறப்பரின் நோய்கள் பற்றிய தமது நூலை 1921இல் வெளியிட்டபோது அந்த நோய் இலங்கையில் பதிவாகியிருக்கவில்லை. 1918இல் ஜாவாவில் அறியப்பட்ட அது, 1925இல் இங்கே பதிவானது. பழைய இலை உதிர்ந்து தளிர்விடும் காலத்தில் அது இளந்தளிர்களைக் கொட்டச் செய்ததனால், தோட்டங்களில் கந்தகத் தூள் தூவப்பட்டது.

2007இல் ஜப்பானியரான தகமட்சுவும் ஜேர்மனியரான பிரவுனும் ஓக் மரத்தின் சாம்பல் பங்கசு ஒன்றுக்கு எரிசிபே குவெர்சிக்கோலா என்று பெயரிட்டார்கள். எமது இறப்பரில் உள்ளதும், பல நாடுகளில் மாவிலிருந்து எடுக்கப்பட்டதும் அதே இனமென்று மரபணு ஆய்வுகள் காட்டின. ஒரே இனமென்பதால் மரத்துக்கு மரம் எளிதில் தாவும் என்று பொருளல்ல; ஆனால் மூன்று கண்டங்களில் மூன்று நோய்களாக எண்ணப்பட்டவற்றுக்கு ஒரே பங்கசு காரணமாக இருந்திருக்கிறது. ஒரு பங்கசுக்கு ஒரு பெயரே என்ற விதியும் 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் ஏற்கப்பட்டது.

நான் ஒன்றாக்கியவை வேறுவேறாக இருந்தன. ஒன்றென்று எவரும் கனவிலும் நினையாதவை ஒன்றாக இருந்தன. கண்ணால் கண்டதை மட்டும் நம்பித் தலைப்பிடுகிறவனுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

பாகுபாட்டியலாளர்கள் தமது பிழையைத் திருத்தும்போது பழைய பெயரையும் புதிய பெயரின்கீழ் எழுதிவைக்கிறார்கள். எது எப்போது தவறாயிற்று என்பதை எவரும் பார்க்கலாம். எங்கள் பத்திரிகை அன்று திருத்தம் வெளியிடவில்லை; வெளியிடும்படி நானும் கேட்கவில்லை. பூசணியை விட்டுவிட்டு மாம்பூவுக்குக் கந்தகம் தூவுங்கள் என்ற ஒரு வரி போதுமாயிருந்தது.

அந்த முதியவர் இன்று இல்லை. இருந்தாலும் அத்திருத்தத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.