பேணி மாதிரி இருக்கு சேர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கிறவர்கள் வாசியுங்கள்.

மருதமுனையிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் களுவாஞ்சிக்குடிக்கு வந்து வரலாறு படிப்பிக்கிறவன் நான். போன தவணைக் கண்காட்சிக்கு மட்டக்களப்புக் கோட்டையைச் செய்வோம் என்று தரம் 9 பிள்ளைகளோடு முடிவெடுத்தோம். புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638 மே மாதம் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து பிடித்தது. றெஜிபோமில் கோட்டை, களிமண்ணில் சாண் உயரம்கூட இல்லாத பன்னிரண்டு சிப்பாய்கள். கோட்டை இரண்டு நாளில் முடிந்தது. சிப்பாய்கள்தான் மூன்று கிழமை இழுத்தார்கள்.

போர்த்துக்கேயச் சிப்பாய் என்றால் இரும்பு மார்புக்கவசம் வேண்டும். தலையில் மொரியன், அதாவது உச்சியில் வரம்பு வைத்து, விளிம்பு முன்னும் பின்னும் தோணி மாதிரி மேலே வளைந்த இரும்புத் தொப்பி. கேற்றுக்கு அடிக்கிற சில்வர் பெயின்ற் வாங்கி, முதலாவது ஆளுக்கு நானே பூசி வெயிலில் வைத்தேன். பளபளவென்று இருந்தது. எனக்கு நல்ல சந்தோசம்.

பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன் சொன்னான், "பேணி மாதிரி இருக்கு சேர்."

வகுப்பே சிரித்தது. அவன் வாசிக்கத் தடுமாறுகிறவன், கிழமையில் இரண்டு நாள் வரமாட்டான். "எழுத்துக் கூட்டத் தெரியாது, வாய் மட்டும் நீளம்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சிப்பாயை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். பேணியேதான். உம்மா வேறு, "என்ன மகன் இது, உருவமெல்லாம் செய்றாய்?" என்றா. படிப்பிக்கத்தான் என்றேன். பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு இடங்கொடுத்த உலமாக்கள் பலர் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். "தொழுற அறைக்குள்ள வைக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டா. (1626இல் போர்த்துக்கேயர் துரத்திய நம்மவர்களைச் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான், அவர்கள் நாலாயிரம் பேர் என்று குவேறோஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். துரத்தினவனின் கவசத்தை மினுக்கத்தான் நான் இந்தப் பாடுபட்டேன்.)

நாலாம் நாள் விசாரித்துக்கொண்டு வாவிக்கரைப் பக்கம் அவன் வீட்டுக்குப் போனேன். தகப்பன் ஒரு வருடமாகப் படுக்கையில். பாடசாலைக்கு வராத நாட்களில் பொடியன் மோட்டார் சைக்கிள் கராஜில் வேலைக்கு நிற்கிறான். மூன்று தவணையாக நான் அதைக் கேட்டதே இல்லை. வரவு இடாப்பில் சிவப்புக் கோடு போட்டதோடு சரி.

திண்ணையில் அவனுடைய அப்பப்பா இருந்தார். ஒருகாலத்தில் வடமோடிக் கூத்துக்கு முடியும் புஜகெருடமும் கட்டினவர். சிப்பாயை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "களரிக்கெண்டா இது சரி தம்பி. ராவில, தூரத்தில இருந்து பாக்கிற சனத்துக்கு ராசா மினுங்கோணும். அதுக்குத்தான் கண்ணாடித் துண்டு வைக்கிறது. கையில வச்சுப் பாக்கிற சாமானுக்கு மினுக்கம் கூடாது."

பொடியன் அதுவரை வாயே திறக்கவில்லை. பிறகு மெதுவாக, "முதல்ல கறுப்படிக்கோணும் சேர்" என்றான்.

மினுக்கமில்லாத கறுப்பு அடித்துக் காயவிட்டான். 6பி பென்சில் கூரை மண்தாளில் தேய்த்துத் தூளாக்கி, விரல் நுனியால் கவசத்தின் மேட்டில் உரசினான். கறுப்புக்குள்ளிருந்து இரும்பு எழும்பி வந்தது. சில்வரை அவன் அடிக்கவே இல்லை. தூரிகையில் தொட்டு, பழைய துணியில் நிறம் படாத அளவுக்குத் துடைத்துவிட்டு, விளிம்பில் மட்டும் தடவினான். வாள் உரசுகிற இடம், கை படுகிற இடம், அவ்வளவுதான். நான் துருவை எல்லா இடமும் தெளிக்கப் பார்த்தேன். தடுத்துவிட்டான். "வாவிக் காத்தில துரு எங்க முதல் பிடிக்கும்? தண்ணி நிக்கிற இடத்தில. போல்ற் தலைக்குக் கீழ, மடிப்புக்குள்ள." மண்ணிறத்தைத் தண்ணிப்பதமாகக் கரைத்து அந்த இடங்களில் மட்டும் ஒழுகவிட்டான்.

தோல் வாருக்கு வந்தபோது என்னுடைய பையைக் காட்டினான். பத்து வருடமாக நான் தூக்கித் திரிகிற தோல் பை. "பிடிக்கிற இடம் கறுத்து மினுங்குது. மடியிற இடம் வெளுத்து வெடிச்சுக் கிடக்குது. மத்த இடமெல்லாம் மங்கல். அப்பிடியே செய்வம் சேர்." செம்மண்ணிறம் பூசி, ஓரத்தில் வெளிர் காவி இழுத்து, பக்கிள் உரசுகிற இடத்தில் மட்டும் சப்பாத்துப் பொலிஷ் வைத்தான். அந்தப் பையைத் தினமும் தூக்குகிறவன் நான். பார்த்தவன் அவன்.

மன்னிப்பை அவன் வீட்டில் கேட்கவில்லை. அடி விழுந்த இடம் வகுப்பு என்பதால் வகுப்பில் வைத்தே கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றப் பதினொரு சிப்பாய்க்கும் அவன்தான் அண்ணாவியார்.

கண்காட்சியன்று மேசைப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் துரு பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். விளக்க அட்டையை அவன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

இப்போதும் கிழமையில் இரண்டு நாள் வருவதில்லை. அந்த வீட்டு நிலைமைக்கு என்னிடம் பதிலில்லை. வருகிற நாட்களில் பாடசாலை விட்டபிறகு அரைமணி நேரம் இருவரும் இருந்து வாசிக்கிறோம். பாடப்புத்தகம் சரிவரவில்லை, அதனால் கராஜின் உதிரிப்பாகப் பட்டியலை எடுத்துக்கொண்டோம். நேற்று "கிளட்ச் கேபிள்" என்று எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தான்.