ஓர்ஷஃபானுக்கு ஒரு கும்பிடு

கேம்ல கதை வந்தா ஸ்கிப் பட்டனை அமுக்கற ஆசாமி நான். கொன்னோமா, லெவல் ஏத்தினோமான்னு போயிட்டே இருப்பேன்.

அதை மாத்தினது ஃபைனல் ஃபேண்டஸி 14. 2010ல வந்து ஊத்திக்கிட்டு, 2013ல புதுசா செஞ்சு திரும்ப விட்ட ஆன்லைன் கேம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துல சுத்தறோம். ஆனா கதைப்படி ஒவ்வொருத்தரும் 'நான்தான் ஒரே ஹீரோ'! நல்ல காமெடின்னு சிரிச்சிருக்கேன்.

(கதை தெரிய வேணாம்னா இதோட நிறுத்திக்கோங்க.)

2015ல வந்த ஹெவன்ஸ்வார்ட் பாகத்துல ஓர்ஷஃபான்னு ஒரு வீரன். போக்கிடம் இல்லாம நின்னப்ப நமக்கு இடம் கொடுத்தவன். நம்மளைக் குறி வச்சு வர்ற ஈட்டிக்குக் குறுக்க கேடயத்தோட பாய்ஞ்சு செத்துப் போறான்.

எங்க தாத்தா தவறினப்ப லீவு கிடைக்காம நான் ஊருக்குப் போகலை. ஃபோன்ல கேட்டுட்டு வேலையைப் பார்த்தேன். அழக்கூட இல்லை. ஆறு மாசம் கழிச்சு இந்தக் காட்சியைப் பார்த்துட்டு, ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு அழுதேன். ஓர்ஷஃபானுக்காக மட்டும் இல்லைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

இஷ்கார்ட் நகரம் தெரியற மலை ஓரத்துல அவனுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கு. போனேன். ஊர் பேர் தெரியாத இன்னொரு ஆட்டக்காரர் அங்க உட்கார்ந்திருந்தார். குனிஞ்சு வணங்கினேன். அவரும் எழுந்து வணங்கினார். ஒரு வார்த்தை பேசிக்கலை.

அவர் கதைல அவர்தானே ஒரே ஹீரோ? அவருக்காகவும்தானே அவன் செத்தான்? இப்ப சிரிப்பு வரலை.

பொங்கலுக்கு லீவு சொல்லியாச்சு. பாட்டி தனியா இருக்காங்க.