நடப்பானா?

செவ்வாய், தாம்பரம்

பெருங்களத்தூர்ப் பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார், பின்னால் மருமகள். பையனுக்கு ஒன்றரை வயது. பின்பக்கம் தட்டை, பிட்டப் பிளவு பாதியிலேயே நின்றுவிடுகிறது. எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். இடுப்பெலும்புகளுக்கு நடுவே, முதுகெலும்பின் அடியில், சேக்ரம் இருக்கவேண்டிய இடம் காலி. சேக்ரல் ஏஜெனிசிஸ். "நடப்பானாம்மா?" என்றார் பாட்டி.

புதன்

டாக்டர் ரென்ஷா 1978-ல் இந்தக் குறையை நாலு வகையாகப் பிரித்தார். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் முதல் வகை. இரண்டு பக்கமும் சமமாகக் குறைந்து, மேல்துண்டு மட்டும் மிஞ்சினால் இரண்டாவது. சேக்ரமே இல்லாமல் இடுப்பெலும்புகள் கடைசி முள்ளெலும்பின் பக்கவாட்டில் பொருந்தியிருந்தால் மூன்றாவது. நாலாவதில் அந்தப் பிடிப்பும் கிடையாது. இடுப்பெலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ள, முதுகெலும்பு அவற்றின்மேல் நிற்கும். உட்காரும்போது ஆடும்.

இவன் மூன்றாவது. உள்ளங்காலில் பேனா மூடியால் கோடு போட்டேன்: சிணுங்கினான், பாதம் அசையவில்லை. தசை போன இடத்திலும் உணர்ச்சி மிஞ்சுவது இந்தக் குறையின் குணம். முழங்காலை நீட்டக் கொஞ்சம் பலம் இருக்கிறது. காலுக்குத் தாங்குகருவி (காலிப்பர்) போட்டால் நிற்பான். கே.கே.நகர் மறுவாழ்வு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினேன்.

வியாழன்

இந்தக் குறைக்குக் காரணமாகப் பாட்டி கிரகணத்தைச் சொல்கிறார். இக்குழந்தைகளின் தாய்மாரில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மற்றவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை. மருமகளுக்குச் சுகர் பார்த்ததே ஐந்தாம் மாதத்தில்தான். நம்மூர் டாக்டர் வி.சேஷையா வலியுறுத்திய சோதனை எளிது: 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து 140-க்குள் இருக்கவேண்டும். ஆனால் கருவின் அடிமுதுகு உருவாவது முதல் ஏழு வாரத்துக்குள். அடுத்த பிள்ளைக்கு முன்பே சுகர் பார்க்கச் சொன்னேன்.

சனி

"யூரின் நல்லாப் போறான் மேடம், துணி எப்பவும் ஈரம்தான்" என்றாள் தாய், நிம்மதியாக. எனக்கு அடிவயிறு கலங்கியது. நிரம்பி வழிகிற சிறுநீர்ப்பை அப்படித்தான் சொட்டும். தேங்கியது மேலேறினால் கிட்னி போய்விடும். பை எப்படி என்று சொல்ல எக்ஸ்ரே வகை உதவாது. லேசான குறைக்குக் கெட்ட பை, பெரிய குறைக்கு ஓரளவு நல்ல பை, இரண்டும் உண்டு. காலைக் கவனிப்பதற்கு முன்னால் கிட்னிக்கும் பைக்கும் ஸ்கேன் எடுக்கவேண்டும். பெற்றவர்கள் முதலில் கேட்பது காலைப் பற்றித்தான்.

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலில் நேரே போய்விடலாம். டியூப் விட்டு மூன்று நாலு மணிக்கொருமுறை பையைக் காலி செய்ய அங்கே கற்றுத்தருவார்கள். "வீட்ல அவ்ளோ சுத்தத்துக்கு எங்க போறது?" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்பு போட்டுக் கைகழுவினால் போதும் என்று டாக்டர் லேபிடஸ் 1972-லேயே காட்டிவிட்டார். கற்றுக்கொள்ள முன்வந்தவர் பாட்டிதான்.